பின்னட்டைப் பூனை

புத்தகம் முழுக்க ஒரு சிறுமி தன் பூனையைத் தேடுகிறாள். பரணில் இல்லை, அரிசி மூட்டைக்குப் பின்னால் இல்லை, பக்கத்து வீட்டு மாடியிலும் இல்லை. கடைசிப் பக்கத்தில் அழுதபடி நிற்கிறாள். பூனை இருப்பது பின்னட்டையில், அவளுடைய பள்ளிப் பைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டு. அந்தத் தூக்கத்தை வரைய மட்டும் பரிமளாவுக்கு ஐந்து வாரம் பிடித்தது. அச்சாகி வந்த பிரதியைத் திருப்பினாள். அளவெடுத்து வைத்ததுபோல் பூனையின் மேல் ஒரு வெள்ளைக் கட்டம், அதற்குள் பார்கோடின் கறுப்புக் கோடுகள். வால் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கதையோட முடிவு மேலயே கட்டம் போட்டிருக்கீங்களே, சார்!" என்று பதிப்பாளர் கதிரேசனிடம் போனில் கத்தினாள்.

"கடைக்காரங்க கேக்குறாங்கம்மா. பின்னட்டைய எந்தக் கொழந்த பாக்குது?"

"பார்கோடுக்குன்னுதானே பூனைக்குப் பக்கத்துல வெறும் சுவரா விட்டிருந்தேன்?"

"அங்க நம்ம பதிப்பக முத்திரை வந்துடுச்சும்மா."

மறுநாள் ஒரு பள்ளியில் பரிமளா அந்தக் கதையைச் சொல்லி முடித்தாள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி புத்தகத்தைப் பிடுங்கித் திருப்பினாள். வாலைக் கண்டுபிடித்துவிட்டாள். கறுப்புக் கோடுகளை நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தாள். மூக்கு விடைத்தது.

"கம்பிக்குள்ள போட்டு அடைச்சிட்டாங்க. யாரு மிஸ்?"

பரிமளா கதிரேசனின் எண்ணை அழுத்தி, போனை அவள் காதில் வைத்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றது மறுமுனை.

"பூனைய வெளிய விடு!" என்றாள் சிறுமி.