ஊதாச் சாயம்

“பாருங்க டார்லீன், என் வேட்டைப் பரண்கிட்டயே சுத்தியலோட நிக்கிறார்!” க்ளெட்டஸ், மரத்தில் கட்டியிருந்த கேமரா எடுத்த படத்தை வனக்காவலரிடம் நீட்டினான்.

படத்தில் பக்கத்து நிலத்துக்காரர், கிழவர் ஆர்வில்.

“நாளைக்கு மான் வேட்டை சீசன் தொடங்குது. பரணை உடைக்க வந்திருக்கார். ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல, எல்லார் முன்னாடியும் திருடன்னு திட்டினேன். அதுக்கு ‘பரண் ஏணியில பாத்து ஏறுப்பா’ன்னு என்னையே மிரட்டுறார்! அத்துமீறக் கூடாதுன்னு மரத்துக்கு மரம் ஊதாச் சாயம் பூசியிருக்கேனே, கண்ணு தெரியலையா? கேஸ் போடுங்க.”

டார்லீன் நில வரைபடத்தை விரித்தாள்.

“உங்க எல்லை ஓடையோட முடியுது, க்ளெட்டஸ். பரண் இருக்கிறது அவர் நிலத்துல. பன்னெண்டு வருஷமா அத்துமீறி வேட்டையாடுறது நீங்கதான்.”

க்ளெட்டஸ் வரைபடத்தின் மேல் குனிந்தான். “அவருக்குத் தெரியுமா?”

“முதல் வருஷமே தெரியும். புகார் எழுதிக் கொடுங்கன்னேன். ‘வருஷத்துக்கு ஒரு மான்தானே, விடும்மா’ன்னுட்டார்.”

“அப்போ சுத்தியல் எதுக்கு?”

“அது எனக்குத் தெரியாது.”

க்ளெட்டஸ் ஓடையைத் தாண்டிப் பரணுக்கு ஓடினான். ஏணியில் இரண்டு வருடமாக ஆடிக்கொண்டிருந்த மூன்றாவது படியை அசைத்துப் பார்த்தான்.

அது ஆடவில்லை. நான்கு புது ஆணிகள் பளபளத்தன.