யார் திருப்பியது?

"யாரு அடிவாரத்துல இருக்கிற அம்புக்குறிப் பலகையைத் திருப்பினது?"

பிரான்சின் அர்தேஷ் மலையில், செங்குத்துப் பாதையில் மூச்சிரைக்க மிதித்து வந்த பஸ்தியான், பண்ணை முற்றத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கத்தினான்.

ஆட்டுப்பட்டியைக் கழுவிக்கொண்டிருந்த பண்ணைக்காரி மிரேய் நிமிரவில்லை. "நான்தான்."

"வெட்கமே இல்லாம சொல்றீங்க! ஞாயித்துக்கிழமை நாங்க வந்தா உங்க ஆட்டுக்குப் பால் வத்திடுதா? பின்னால எங்க சைக்கிள் கிளப்பே வருது. ஆத்தோரமா போறவங்களை இந்த மேட்டுல ஏத்திவிட்டு வேடிக்கை பார்க்கணுமா?"

அவள் வாளியை ணங்கென்று வைத்தாள். "கத்தி முடிச்சியா? விடியக்காலை வெள்ளம் ஆத்துப்பாதைப் பாலத்தை அடிச்சுட்டுப் போயிடுச்சு. மேயர் ஆபீசுல போனை எடுக்க நாதியில்லை. மழையில ஓடிப்போய் நான்தான் திருப்பி வச்சேன்."

பஸ்தியான் சட்டெனத் திரும்பிக் கீழே பார்த்தான்.

"நான்... அதைப் பழையபடி வச்சுட்டுத்தான் மேல வந்தேன்."

அடிவாரத்தில் வண்ணச் சட்டைகள் ஒவ்வொன்றாக ஆற்றுப்பாதையில் திரும்பிக்கொண்டிருந்தன.

மிரேய் டிராக்டரில் தாவி ஏறி ஹாரனை அமுக்கினாள். கையை எடுக்கவே இல்லை. முன்னால் போன சிவப்புச் சட்டைக்காரர் நின்று மேலே பார்த்தார். பஸ்தியான் இரு கைகளையும் ஆட்டி, போகாதீங்க என்று அலறினான். எல்லோரும் நின்றார்கள்.

ஹாரன் அடங்கியது. மிரேய் அவன் பக்கம் திரும்பினாள்.

"ம்... திட்டுனதை எங்க விட்ட? திட்டு."