நலம் விசாரிக்க வந்தவர்

"என் ஆபீஸ் என்ன சத்திரமா, நெனச்ச நேரத்துக்கு எழுந்து வர்றதுக்கு?" என்று கணவன் போட்ட சத்தத்தில் அந்த மாடியின் எல்லாக் கதவுகளும் ஒரு விரல் அகலம் திறந்துகொண்டன.

குழந்தைக் காப்பகத்தில் இனி மத்தியானம் வரைதான் வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். இருவரில் ஒருவர் வேலையை விட்டாக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பது வழக்கம்போல முதலிலேயே முடிவாகியிருந்தது.

அவளுக்கு வங்கியில் அப்போதுதான் பதவி உயர்வு. நாற்காலி சூடாவதற்குள் எழுந்திரு என்கிறார்கள்.

மாமியார் இரண்டு தெரு தள்ளித் தனியாக இருப்பவர். முழங்கால் வலி குழந்தையைத் தூக்கத்தான் விடாது, பஞ்சாயத்துக்கு மாடி ஏற விடும். ஆபீஸே கதி என்று கிடக்கும் பிள்ளை, பெற்றவளை எட்டிப் பார்த்தே எத்தனை நாளாயிற்று என்று மூக்கைச் சிந்தினார்.

அவள் தளர்ந்துபோனாள். நாளைக்கே ராஜினாமா என்று சொல்ல வாயெடுத்தபோது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் கணவனின் மேலாளர், கையில் ஆப்பிள் பையோடு. ஊழியர்களின் வீட்டுக்கே போய் நலம் விசாரிப்பது அவர்கள் ஆபீஸ் வழக்கமாம்.

இடுப்பில் குழந்தையோடு நின்றவளிடம், படுத்த படுக்கையாக இருக்கும் மனைவி எந்த அறையில் என்று கேட்டார்.

"அது நான்தான்" என்றாள்.

மேலாளர் விழித்தார். மனைவியைக் கவனிக்கத்தானே தினமும் மத்தியானமே இவரை அனுப்புகிறோம், மிச்ச வேலையை வசதிப்பட்டபோது முடிக்கட்டும் என்று போன வருஷமே விட்டுவிட்டோமே என்று இழுத்தார்.

கணவன் ஆப்பிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிஜமாகவே காய்ச்சல் கண்டபோதுகூட சமைத்து வைத்துவிட்டு வங்கிக்கு ஓடியது அவளுக்கு ஞாபகம் வந்தது.

பேச்சை மாற்ற வேண்டுமே என்று மாமியார் முந்திக்கொண்டு, உட்காரச் சொல்லி உபசரித்தார். அந்தக் குரலைக் கேட்டதும் மேலாளரின் முகம் தெளிந்தது.

"மருமகளுக்காக போன்ல அப்படி அழுதது நீங்கதானேம்மா? தெனமும் மத்தியானம் பையன் உங்க வீட்லதான் கொஞ்சம் கண்ணசர்றார்னு சொன்னீங்களே."

திறந்திருந்த கதவுகளில் ஒன்றுகூட மூடவில்லை.

அவள் வேலையை விடவில்லை. வேற்றூர்க் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு குழந்தையோடு போய்விட்டாள். அடுத்த வருஷம் விவாகரத்தும் ஆயிற்று.

மாமியார் இப்போது மகனுக்குப் பெண் பார்க்கிறார். வேலைக்குப் போகிற பெண்ணாக வேண்டுமாம்.