வெள்ளை ஆவி

பதினோரு நாள் காக்க வைத்துவிட்டு, அன்று விடியற்காலையில்தான் ரங்கூனுக்குக் குளிர் வந்தது. கொட்டகைக்குள் நுழைந்ததுமே பர்கத்துல்லாவின் முகம் மலர்ந்தது. பழைய நீராவி என்ஜினின் புகைபோக்கிக்கு மேல் பஞ்சுப் பொதியாக வெள்ளை ஆவி நின்றது.

அந்த வெள்ளையைப் படம் பிடிக்கத்தான் அவர் அழைத்துவரும் வெளிநாட்டுக்காரர்கள் என்ஜினை வாடகைக்கு எடுக்கிறார்கள். குளிர் இல்லாவிட்டால் ஆவி கண்ணுக்குத் தெரியாது. புழுங்கிக் கிடந்த அந்த மார்கழியில் இரண்டு குழுக்கள் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டன. மூன்றாவதும் போனால் என்ஜினை இரும்புக்கு வெட்டிவிடுவோம் என்று ரயில்வே அதிகாரி சொல்லியிருந்தார்.

டிரைவர் அய்யாசாமி கடிகாரத்தைப் பார்த்தான்.

"எத்தன மணிக்குத் திரும்புவோம், பாய்?"

"இன்னும் கிளம்பவே இல்ல, அதுக்குள்ளயா? புதுப் பொண்டாட்டி தேடுறாளோ?"

அவன் சிரிக்கவில்லை. அவர் வாங்கி வந்த மொகிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் கிண்ணத்தையும் தள்ளி வைத்தான். அந்த மீன் வாசனைக்கே ஓடி வருகிறவன்.

"வேணாம் பாய். வீட்டுல யாரும் சாப்பிடல."

"ஓ, சனிக்கிழமை விரதமா? சரி, ராமையாண்ணன் எங்க? மொதக் குளிருக்கு மகன் வண்டி ஓட்டுறதப் பார்க்காம இருக்க மாட்டாரே."

"அப்பாவுக்குக் குளிர் ஒத்துக்கல."

பாகோ ஊருக்குப் போகும் ரயில் பாதையின் வளைவில் குழு இறங்கி வயலில் வரிசையாக நின்றது. வண்டியைப் பின்னால் கொண்டுபோய், மறுபடி புகை விட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். திரும்பவும் சொன்னார்கள். பனி விலகும்வரை அய்யாசாமி சலிக்காமல் ஓட்டினான். ஒவ்வொரு முறையும் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டான்.

அடுத்த இரண்டு குளிர்காலத்துக்கும் சேர்த்தே பதிவு செய்துகொண்டார் குழுத் தலைவர்.

கொட்டகைக்குத் திரும்பியதும் பர்கத்துல்லா அவனைக் கட்டிப்பிடித்தார். "வண்டி பொழச்சிடுச்சுடா தம்பி! மிங்கலா தாங்ஞுன்ட்டுல உங்க வீட்டுக்கு வர்றேன், அண்ணன்கிட்ட நானே சொல்றேன்."

"வாங்க பாய், சீக்கிரம். உங்களுக்காகவும்தான் வச்சிருக்கோம்."

"என்னது?"

அய்யாசாமி கைத்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

"ராத்திரியே சொல்லியிருந்தா வண்டிய நிறுத்தியிருப்பீங்க. கொள்ளி வைக்க நான்தான் போகணும்."