அதே பேச்சு

"வீட்டுல ஒண்ணும் காணாமப் போகல ஆயா. ஆனா நாளைலேருந்து நீங்க வர வேண்டாம்" என்றாள் வீட்டுக்காரி, ஆயாவின் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டே.

பிறந்த ஏழாம் நாளிலிருந்து இரண்டு வருடமாக ஆயா தோளில் போட்டு வளர்த்த பிள்ளை அது. "நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?"

வீட்டுக்காரி தரையைப் பார்த்தாள். "எட்டு மணி சீரியல்ல ஒரு ஆயா வர்றா. உங்க கால்வாய்க்கரை ஆளுதான். கண்ணே மணியேன்னு கொஞ்சிக்கிட்டே நேத்து குழந்தையோட பால்ல விஷத்தக் கலந்துட்டா. அதே பேச்சு, அதே இழுப்பு! காலைல நீங்க பாப்பாவக் கொஞ்சினப்போ எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு."

"அது கதைம்மா!"

"கதைதான், எனக்குத் தெரியாதா? மனசு கேக்கமாட்டேங்குதே."

தெருமுனை வரை குழந்தையின் அழுகை கேட்டது. டிவியில் எவளோ விஷம் கலந்த பாலுக்கு இங்கே இவளுக்கு வேலை போயிற்று. வேலை கிடக்கட்டும், இரண்டு வருடம் சோறூட்டிய கையை நம்பவில்லையே என்பதுதான் ஆயாவுக்குப் பொறுக்கவில்லை.

வீட்டில் மகள் வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ கம்பெனியில் நாள் முழுக்கப் பேசுகிற வேலையாம், தொண்டையைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்வாள். மூன்று மாதமாக ஓடாத டிவியைச் சரிசெய்ய மட்டும் அந்த மகாராணிக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஆயா ஒப்பாரி வைக்காத குறையாக எல்லாவற்றையும் கொட்டினாள். "அந்த நடிகை நம்ம கரைய எட்டிக்கூடப் பாத்திருக்க மாட்டா. அவளுக்கு எப்படிடி நம்ம பேச்சு வந்துச்சு? நம்ம ஆளு எவளோதான் சொல்லிக் குடுத்திருக்கா. கூடவே இருந்து குழி பறிச்சிருக்கா பாவி! அவ நாக்கு அழுகிப் போக!"

மகள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்படிச் சொல்லாதம்மா."

"ஏன் சொல்லக்கூடாது? யாருடி அவ? உனக்குத் தெரியுமா?"

மகள் அழுதுவிட்டாள்.

"அந்த நடிகைக்குக் குரல் குடுக்குறது நான்தாம்மா... சின்ன வயசுல நீ என்னக் கொஞ்சின மாதிரியே."