தொட்டியில் பிசுக்கு

கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டு அறை வாசலிலேயே நின்றுவிட்டார் முதலாளி. "அந்தக் கருமத்த மொதல்ல வெளியில ஊத்துங்க. எனக்குக் குடலே வெளியில வந்துடும் போல இருக்கு."

ஊற்றத்தான் முடியவில்லை. கைக்கடிகாரத்தின் சக்கரங்களையும் திருகுகளையும் அதிரவைத்துக் கழுவும் சின்ன எவர்சில்வர் தொட்டி அது. அடியிலிருக்கும் வால்வைத் திறந்தாலும் ஒரு சொட்டு இறங்கவில்லை என்றுதான் காலையில் மெக்கானிக்கை அவசரமாகக் கூப்பிட்டிருந்தார்கள்.

மூடியைத் திறந்ததும் மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எத்தனையோ பட்டறைகளில் மெஷின் பிரித்தவர், எண்ணெய் நாற்றமும் மருந்து நெடியும் அவருக்குப் பழக்கம். இது வேறு. ஊசிப்போன வாடை.

"யாரு பாத்துக்கறது இந்த மெஷின?"

"நான்தாண்ணே" என்றாள் மூலையில் நின்ற பெண். உதிரிகளைக் கழுவித் துடைத்து அடுக்குவது அவள் வேலை. "சாயங்காலம் பழசக் கொட்டி, தொடச்சு, புது லிக்விட் ஊத்தி மூடிட்டுத்தான் போறேன். காலையில வந்து தெறந்தா இப்படிக் கலங்கிக் கெடக்கு."

"கேட்டீங்களா கதைய?" கைக்குட்டைக்குள்ளிருந்து உறுமினார் முதலாளி. "இவ கழுவுன வாட்ச்செல்லாம் பிசுபிசுன்னு நின்னுபோய்த் திரும்பி வருது. என் மானம் கப்பலேறுது. இவ தப்புன்னு தெரிஞ்சா இன்னையோட வேலைய விட்டு அனுப்பிடுவேன்."

பட்டறையில் முதலாளிக்கு 'சோப்பு' என்று பெயர், அவர் காதில் விழாமல்தான். எல்லாருக்கும் முன்னால் வந்து கடையைத் திறந்து, மேசை மேசையாக விரலால் தடவிப் பார்க்கிற ஆள். விரலில் தூசி ஒட்டிவிட்டால் அன்றைக்கு எல்லாருக்கும் அர்ச்சனைதான்.

மெக்கானிக் கையுறையை மாட்டிக்கொண்டு, தண்ணீரைக் குவளையால் மொண்டு கொட்டினார். அடியில் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு படிவு. வழித்து வெள்ளைத் துணியில் தடவினால் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டது.

"கீரை" என்றார் முகத்தைச் சுளித்துக்கொண்டு. "வாட்ச்சுக்குள்ள கீரை எப்படிம்மா வந்துது?"

"சோத்து டப்பா! சோத்து டப்பாவ இதுல போட்டு அலசியிருக்கா!" என்று கத்தினார் முதலாளி.

"ஐயோ, சத்தியமா இல்ல சார். என் டப்பா இதுக்குள்ள நுழையவே நுழையாது." அவள் அழ ஆரம்பித்தாள். "இந்த வேலைய நம்பித்தான் சார் என் பொண்ணு படிக்குது."

அந்த நேரம் பார்த்து டீ வந்தது. ஜன்னல்களைத் திறந்துவிட்டதில் நாற்றம் ஓரளவு அடங்கியிருந்தது, வேலையாட்கள் ஆளுக்கொரு டம்ளரை எடுத்துக்கொண்டார்கள். முதலாளி மட்டும் கைக்குட்டையை எடுக்காமலே டம்ளரைத் தள்ளிவிட்டார். "இந்த அசிங்கத்தப் பாத்தப்புறம் எவனுக்கு டீ எறங்கும்?"

மெக்கானிக் தொட்டியைக் கவிழ்த்து, வால்வைக் கழற்றித் தட்டினார். டொக்கென்று மஞ்சளாக ஒன்று தட்டில் விழுந்தது. இடுக்கியால் எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

பல் செட்டிலிருந்து கழன்று விழுந்த ஒரு முன்பல்.

"சீ!" என்று டம்ளர்கள் கீழே இறங்கின. ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

அந்தப் பெண் அழுகையை மறந்து, ஈறு தெரிய வாயைத் திறந்து காட்டினாள். "நல்லாப் பாத்துக்கோங்க சார். எல்லாம் என் சொந்தப் பல்லு."

"உங்க வீட்டுக் கெழடு எதோடதாவது இருக்கும்" என்றார் முதலாளி, நாக்கில் நரம்பில்லாமல்.

"எங்க வீட்ல நானும் என் பொண்ணுந்தான் சார்."

"போதும். மெஷின் உன் பொறுப்பு. உன் சாமான எடுத்துக்கிட்டுக் கெளம்பு." மற்றவர்களையும் அவரவர் மேசைக்கு விரட்டிவிட்டு, அவரும் வெளியே போனார்.

மெக்கானிக்குக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரிடம் காட்டுவது? தொட்டியைத்தான் தேய் தேயென்று தேய்த்தார். வால்வை மாட்டி, புது லிக்விட் ஊற்றி ஓட்டிப் பார்த்தார், மெஷின் சீராக ரீங்கரித்தது. அவருக்குப் பின்னால், அலமாரி மறைவில், அந்தப் பெண் குனிந்து தன் சோற்று டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அலமாரிப் பக்கம் அவர் பார்க்கவில்லை. மெக்கானிக்கின் காதருகே குனிந்து, காலையிலிருந்து பிடித்துக்கொண்டிருந்த கைக்குட்டையை மெல்லக் கீழே இறக்கினார்.

"அந்தப் பல்லத் தூக்கிப் போட்டுடாதீங்க, புது லிக்விட்ல ஒரு முக்கு முக்கிக் குடுங்க."