ஒத்திகையில் இல்லாத கேள்வி

கேள்வியைக் கேட்டு முடித்த பிறகும் இசக்கியம்மாள் உட்காரவில்லை.

மேடையில் நின்ற ஆய்வு மாணவி, உட்காரு தாயி, உட்காரு என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

இசக்கியம்மாள் இந்தப் பக்கம் பார்த்தால்தானே! விட்டத்தைப் பார்த்தபடி அடுத்த வரியை எடுத்துவிட்டாள்.

அது பதில்.

மேடையில் நிற்பவள் சொல்ல வேண்டிய பதில். ஒரு சொல் பிசகவில்லை. கடகடவென்று முழுசாக ஒப்பித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

அரங்கம் கொல்லென்று சிரித்தது.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வரலாம், என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது விதி. கேட்பதற்கு இரண்டு மூன்று ஜூனியர்களை முன்கூட்டியே பழக்கி வைப்பது வழக்கம். மேடையில் நின்றவளும் இசக்கியம்மாளைப் பழக்கினாள். கேன்டீனில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துப் பார்த்து, பாவம், அந்தப் பெண்ணுக்குக் கேள்வியும் பதிலும் ஒன்றாகவே மனப்பாடமாகிவிட்டது.

இதில் கொடுமை, ஆய்வுத் தலைப்பு. கல்வித் தத்துவத்தில், 'வகுப்பறையில் குழந்தையின் கேள்வி'. தயாரித்துக் கொடுத்த கேள்வி கேள்வியே இல்லை என்று மூன்றாம் இயலில் வெளுத்து வாங்கியிருந்தாள்.

பள்ளிக்கூட வேலை, பிள்ளைகள், மாமியார் வைத்தியம், எல்லாவற்றுக்கும் நடுவே எட்டு வருட உழைப்பு.

போச்சு. மானம் கப்பலேறிவிட்டது.

அவளுடைய நெறியாளர் முன்வரிசையில் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இசக்கியம்மாளை எழுப்பினார்.

"பதில் நல்லாத்தாம்மா சொன்னே. அது உனக்குச் சரின்னு படுதா?"

இசக்கியம்மாள் மேடையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"இல்ல மேடம்."

அரங்கம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

"டீச்சர் பயங்காட்டாம இருந்தா போதும், பிள்ளைங்க தானா கேட்டிரும்னு அக்கா எழுதிருக்காவ. எங்க டீச்சர் தங்கமானவுக. ஒருநாளும் ஏசினதில்ல. கேளுங்க கேளுங்கன்னுதான் சொல்லுவாவ. ஆனா ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் நான் ஒண்ணுமே கேக்கல மேடம். ஏன் கேக்கல?"

தேர்வாளர் மேடைப் பக்கம் திரும்பினார்.

அவள் வாயைத் திறந்தாள். ஒத்திகை பார்த்தது எதுவும் வரவில்லை. படித்த புத்தகம் ஒன்றும் கைகொடுக்கவில்லை.

பயப்பட வேண்டிய நேரம். அவளுக்கோ சந்தோஷமாக இருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"தெரியல மேடம். சத்தியமாத் தெரியல. இதத்தான் நான் ஆராய்ச்சி பண்ணியிருக்கணும்."

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே பண்ணுங்க, டாக்டர்," என்றார்.

கைத்தட்டல். நெறியாளர் ஓடி வந்து பொன்னாடை போர்த்தினார். அல்வாவும் மிக்சரும் வந்தன. ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

இசக்கியம்மாளைக் காணோம்.

தேடிப் போனால், குழாயடியில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிருங்கக்கா. ஒங்க வைவாவயே கெடுத்துட்டேன்."

"போடி, கிறுக்கி."

இவளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று புது டாக்டருக்குத் தெரியவில்லை. பொன்னாடையைக் கழற்றி அந்தப் பெண்ணின் தோளில் போட்டாள். அல்வாத் தட்டைக் கையில் திணித்தாள். பட்டுப்புடவை கசங்கினால் கசங்கட்டும் என்று ஈரப் படியிலேயே உட்கார்ந்தாள்.

"அந்தக் கேள்விய இன்னொரு தடவ கேளுட்டி," என்றாள். "மெதுவா."